மாசாய் மக்களிடையே மருத்துவ முகாமில் தொண்டாற்றப் போகலாமா? தருமபுரியிலிருந்து ஒரு கேள்வி

பென்னாகரத்துச் செவிலி:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் பென்னாகரத்தை அடுத்த ஒரு கிராமம். பெங்களூரைச் சேர்ந்த ஒரு தொண்டுக் குழுவினர் வரும் ஏப்ரலில் கென்யாவின் நரோக் மாவட்டத்திற்குச் சென்று, மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் சிற்றூர்களில் இரண்டு வாரம் மருத்துவ முகாம் நடத்தப் போகிறார்கள், என்னையும் அழைத்திருக்கிறார்கள். விமானச் செலவு நம்முடையது. அதற்குமேல் பங்கேற்புக் கட்டணம் ஒன்றும் உண்டு. அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா மட்டும் சிங்கம், யானை என்று பயப்படுகிறார். ஒகேனக்கல் காட்டோரத்தில் யானையின் பிளிறலைக் கேட்டே வளர்ந்த எனக்கு அந்தப் பயம் இல்லை.

எனக்கு இருக்கும் ஐயங்கள் வேறு. அந்த ஊர் மொழியும் பழக்கமும் தெரியாத ஒரு செவிலியால் இரண்டு வாரத்தில் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? எந்த நோய்களைப் பற்றி முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும்? மருந்து மாத்திரைகளை இங்கேயே மொத்த விலைக்கு வாங்கி எடுத்துச் செல்லலாமா? முகாம் நடக்கும் பகுதியில் அரசு மருத்துவமனை இருக்கிறதா என்று குழுவினரிடம் கேட்டதற்கு, அங்கே ஒன்றுமே இல்லை, அதனால்தான் நாம் போகிறோம் என்றார்கள். அங்கே பணியாற்றியவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஓசூர் மருத்துவர்:

சகோதரி, நரோக்கிற்குப் பக்கத்து மாவட்டமான கஜியாடோவில் ஒரு திருச்சபை மருத்துவமனையில் சில காலம் பொது மருத்துவராக இருந்துவிட்டு ஓசூர் திரும்பியவன் நான். உங்கள் பதிவில் என்னை உறுத்தியது, "அங்கே ஒன்றுமே இல்லை" என்று அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். கென்யாவில் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மருத்துவ சேவையின் பெரும்பகுதி 47 மாவட்ட அரசுகளின் பொறுப்புக்குப் போய்விட்டது. மாசாய் பகுதிகளிலும் நம்மூர்த் துணை சுகாதார நிலையத்தைப் போன்ற சிறு டிஸ்பென்சரிகள் உண்டு. அவை தொலைவில் இருக்கலாம், மருந்து தீர்ந்துபோய்க் கிடக்கலாம், ஒரே ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்த மக்களுக்கு இருக்கப்போவது அந்த நர்ஸ்தான். ஆகவே, எந்த டிஸ்பென்சரியோடு இணைந்து முகாம் நடக்கிறது, அதன் பொறுப்பாளருக்கு இது தெரியுமா, நோயாளிகளின் பதிவேடு முகாம் முடிந்ததும் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்று முதலில் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் வராத குழுவோடு போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் சரியாக இருந்தால் தாராளமாகப் போகலாம். செவிலிக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது, மருத்துவரைவிட அதிகமாகவே இருக்கிறது என்று சொன்னாலும் மிகையில்லை.

முதலில் கண்ணைப் பற்றிப் படியுங்கள். இந்தியா டிரக்கோமா என்னும் கண் தொற்றுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அங்கீகரித்தது. எனவே உங்கள் வயதுடைய ஒரு செவிலி அதை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மாசாய் நிலத்தில் அது நெடுங்காலமாக இருந்துவரும் நோய். தண்ணீர்த் தட்டுப்பாடும் மாட்டுப்பட்டியை மொய்க்கும் ஈக்களும் அதற்குத் தோதான சூழல். குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்பத் தொற்றி, மேல் இமையின் உட்புறத்தில் தழும்பேறி, பல ஆண்டுகள் கழித்து இமை உள்நோக்கி மடங்கி, இமைமுடி ஒவ்வொன்றும் கண் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியை உராயத் தொடங்கும். கருவிழி வெண்மையாகிப் பார்வை போவது அதன் முடிவு. பிள்ளைகளைத் தூக்கிச் சுமப்பவர்கள் என்பதால் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. ஒரு மூதாட்டியின் கழுத்து மணிமாலைகளுக்கு நடுவே சிறிய இரும்பு இடுக்கி ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்நோக்கி வளரும் இமைமுடிகளைத் தன் பேத்தியைக் கொண்டு பிடுங்கிக்கொள்வதற்காக அதை எப்போதும் கூடவே வைத்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது இமை அறுவை சிகிச்சை. அது சிறிய அறுவை சிகிச்சைதான், பயிற்சி பெற்ற செவிலியர்களே அங்கே செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, மேல் இமையைப் புரட்டிப் பார்க்க இங்கேயே ஒரு கண் மருத்துவரிடம் பழகிக்கொள்வதும், அறுவை சிகிச்சை தேவைப்படுவோரின் பெயரையும் ஊரையும் தனியாக எழுதி அந்த டிஸ்பென்சரியில் கொடுப்பதும்தான். தொற்று நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அரசு வழங்கும் மருந்து; இஷ்டத்துக்கு நீங்களாக வாரி வழங்குவதற்கு உரியதல்ல.

அடுத்தது காய்ச்சல். ஆப்பிரிக்கா என்றவுடன் காய்ச்சல் எல்லாமே மலேரியா என்று எண்ணிவிடக் கூடாது. பச்சைப்பால் குடிப்பதும் கன்று ஈனும்போது வெறுங்கையால் உதவுவதும் வழக்கமாக உள்ள இடத்தில், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை என்று யாராவது வந்தால், ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் என்னும் நோய் நினைவுக்கு வர வேண்டும். அதற்கு டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் சாப்பிட வேண்டும். உங்கள் முகாமோ இரண்டு வாரம். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் காய்ச்சல் தணியும், நோயாளி உங்களை வாழ்த்துவார், நோய் திரும்பி வரும். காசநோய்க்கு ஆறு மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். நீண்ட நாள் மருந்து தேவைப்படும் எவருக்கும் முகாமில் சிகிச்சையைத் தொடங்காமல், தொடர்ந்து கொடுக்கக்கூடிய இடத்தில் பெயரைப் பதியவைத்துக் கையோடு அழைத்துப்போய் விடுவதே முறை.

குழந்தைகளுக்கு மேல்கைச் சுற்றளவு நாடாவை வைத்து அளந்து பழகிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டக் குறைவு, 115 முதல் 125 வரை நடுத்தர நிலை. 2020 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைப்பருவம் பொய்த்துக் கென்யாவில் ஆடுமாடுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. பாலையே நம்பியிருக்கும் வீட்டில் மாடு செத்தால் அடுத்து மெலிவது குழந்தைதான்.

பெண்களும் குழந்தைகளும் இருமிக்கொண்டே வருவார்கள். சாணமும் மண்ணும் குழைத்துப் பெண்களே கட்டும் அந்தத் தாழ்வான வீட்டுக்குள் ஜன்னல் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அடுப்பு உள்ளேயே எரிகிறது. இருமல் டானிக் கொடுத்துப் பயனில்லை.

பச்சிளங்குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கும்போது, கோரைப்பல் முளைக்க வேண்டிய இடத்தில் ஈறு கிழிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் அதிர்ச்சியடையாதீர்கள். வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் ஈற்றின் அந்த வீக்கமே காரணம் என்ற நம்பிக்கையில் பல்முளையைத் தோண்டி எடுத்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. நம் பக்கத்தில் மாந்தம் என்று குழந்தையின் வயிற்றில் சூடு வைத்துக் கொண்டுவந்த தாய்மார்களிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்களோ அப்படியே பேசினால் போதும். திட்டினால் அடுத்த முறை குழந்தையைக் கொண்டுவர மாட்டார்கள். பெண் உறுப்புச் சிதைப்பு கென்யாவில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி அறிவுரை சொல்லும் பொறுப்பை உள்ளூர்ச் செவிலியிடமே விட்டுவிடுங்கள்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்வதை ஒருவர் சுவாஹிலியில் சொல்வார், அதை இன்னொருவர் மா மொழியில் சொல்வார். மூன்றாவது வாய்க்குப் போவதற்குள் பாதி கரைந்துவிடும். சிறு சிறு வாக்கியமாகப் பேசுங்கள். "மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடாதீர்கள். மூன்று வேளை சமையல் என்பது எல்லா வீட்டிலும் இல்லை. மாடு மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது ஒன்று, பட்டிக்குத் திரும்பியதும் ஒன்று என்று சொன்னோம். அதை யாரும் மறக்கவில்லை. பெரியவர்களை முதலில் பார்த்து வணங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சிறுவர்கள் உங்கள் முன் தலையைக் குனிந்து நிற்பார்கள். உச்சியில் உள்ளங்கையை வைக்க வேண்டும், அதுதான் அவர்கள் வணக்கம்.

ஏப்ரல் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். கரிசல் மண்ணில் ஜீப் அச்சு வரை புதைந்துவிடும். முகாமுக்கு வர வேண்டியவர்களாலும் வர முடியாது.

அரூர் ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்:

மகளே, மருத்துவர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் கிராம சுகாதாரச் செவிலியராக இந்த மாவட்டத்து மலை ஏறி இறங்கியே ஓய்வு பெற்ற எனக்கு, இதைப் படித்தவுடன் தோன்றியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பங்கேற்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு தொண்டுக்கு அழைத்துப் போகும் ஏற்பாட்டில், தொண்டு யாருக்கு, சுற்றுலா யாருக்கு என்று ஒருமுறை யோசித்துப் பார்.

அரூருக்கு அப்பால் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே இருக்கும் சிட்டிலிங்கிக்கு நீ போயிருக்கிறாயா? ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993இல் அங்கே ஓர் ஓலைக் குடிசையில் பழங்குடி நல மருத்துவமனையைத் தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்களே கணக்கெடுத்துப் பதிவுசெய்த எண்ணிக்கை. பின்னாளில் அது 20ஐ ஒட்டி வந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் வெளியூரிலிருந்து வந்துபோன சிறப்பு மருத்துவர்கள் அல்ல. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களையும் லம்பாடிப் பெண்களையும் தேர்ந்தெடுத்து, பிரசவம் பார்க்கவும் குழந்தையை எடை போடவும் பழக்கி, அவரவர் ஊரிலேயே இருக்கவைத்தார்கள். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத பெண்களே நாளடைவில் அறுவை அரங்கில் உதவும் அளவுக்குத் தேர்ந்தார்கள். நரோக்கிற்குப் போவதாக இருந்தால், அதற்குமுன் விடுப்பு எடுத்துக்கொண்டு சிட்டிலிங்கிக்குப் போய் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிப் பதிவேடு எழுதுகிறார்கள் என்று உட்கார்ந்து பார். நீ நரோக்கிற்குப் போய்க் கற்றுத்தர வேண்டியதைவிட, அங்கிருக்கும் சுகாதாரப் பணியாளர்களிடம் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே முக்கியம். அதை மருத்துவமனை அவசரப் பிரிவில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

இன்னொன்று. கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் எரிமலைப் பாறை காரணமாக நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பென்னாகரத்துக்காரிக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா? உன் பாட்டி தலைமுறையில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை, குனிந்த முதுகு, மடக்க முடியாத முழங்கால். அங்கே முகாமுக்கு மூட்டுவலி, முதுகுவலி என்று வரும் பெரியவர்களின் பல்லைப் பார். பழுப்பாகவும் குழிவிழுந்தும் இருந்தால், வலி மாத்திரையோடு நிறுத்தாமல் எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனை ஆண்டாக என்று கேட்டு எழுதிவை. தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்து காவிரித் தண்ணீர் தெருக்குழாயை எட்டிய பிறகுதான் இங்கே நாங்கள் தாய்மார்களிடம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்காதீர்கள் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் சொல்லி என்ன பயன், வேறு தண்ணீர் ஏது? கென்யாவின் நாகுரு பகுதியில் மாட்டெலும்பைச் சூளையில் கரியாக்கி, அந்தக் கரியின் வழியே தண்ணீரை வடித்து ஃபுளோரைடைக் குறைக்கிறார்கள். மாடு நிறைந்த நாட்டுக்கு ஏற்ற வழி. அந்த மருத்துவருக்கும் இது தெரிந்திருக்கும். கண்ணைப் பற்றி எழுதிய ஆர்வத்தில் விட்டுவிட்டார் போலும்.

கிருஷ்ணகிரி மருந்தாளுநர்:

மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கிருந்து மொத்தமாக வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும் யோசனையைக் கைவிடுங்கள். கென்யாவுக்குள் மருந்தைக் கொண்டுசெல்ல அந்நாட்டின் மருந்தியல் மற்றும் நச்சுப்பொருள் வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் நைரோபி விமான நிலையத்திலேயே அத்தனையும் பறிமுதலாகலாம். அதற்குத் தேவையும் இல்லை. திருச்சபை மருத்துவமனைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மருந்து வழங்குவதற்காகவே நைரோபியில் மெட்ஸ் என்ற அமைப்பு 1986 முதல் இயங்குகிறது. தரப் பரிசோதனைக்கூடமும் வைத்திருக்கிறார்கள். அங்கே வாங்கினால் அட்டைகளில் பலவும் நம் நாட்டில் தயாரானவையாகவே இருப்பதைப் பார்ப்பீர்கள். உள்ளூர் டிஸ்பென்சரியில் எந்தப் பெயரில், எந்த அளவில் மாத்திரை புழங்குகிறதோ அதையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த மஞ்சள் மாத்திரையைத் தேடி நோயாளி அடுத்த மாதம் அலைவார்.

ரத்த அழுத்த மாத்திரை விஷயத்தில் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதற்கு முன்பும் இங்கே இலவச முகாம்களுக்குப் பஞ்சமில்லை. கொட்டகை போட்டு, அழுத்தம் பார்த்து, ஒரு மாத மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுத்து அனுப்புவோம். மலைக் கிராமத்துப் பெரியவர் அடுத்த மாத மாத்திரைக்குப் பேருந்து ஏறி வர மாட்டார், நிறுத்திவிடுவார். மாதாமாதம் ஒருவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததால்தான் நிலைமை மாறியது. நரோக்கில் அந்த மாதாந்திர மாத்திரையை யார் கொடுப்பார்கள் என்று தெரியாமல் யாருக்கும் அம்லோடிபின் தொடங்காதீர்கள்.

இனி ஆவணங்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி வந்துவிட்டது. ஆனால் சுற்றுலா என்று குறிப்பிட்டு அனுமதி பெற்றுக்கொண்டு ஊசி போடுவது சட்டப்படி சரியல்ல. சம்பளமில்லாத பணிக்கும் தனி அனுமதிச் சீட்டு உண்டு. அதோடு, மருத்துவர் என்றால் கென்ய மருத்துவர், பல் மருத்துவர் மன்றத்திடமும், செவிலி என்றால் கென்ய நர்சிங் கவுன்சிலிடமும் தற்காலிக உரிமம் பெற வேண்டும். இதற்காக உங்கள் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று தேவைப்படும். எனவே பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழைக்கும் குழு இந்த உரிமத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். போட்டுக்கொண்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பென்னாகரத்துச் செவிலி:

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியவற்றை வைத்துக் குழுவினரிடம் நேற்றுப் பேசினேன். டிஸ்பென்சரியின் பெயரைக் கேட்டதும் முதலில் சற்றுத் தயங்கினார்கள். பிறகு அங்குள்ள பங்குத்தந்தை வழியாக விசாரித்து, அருகில் ஒரு டிஸ்பென்சரி இருப்பதாகவும் அதன் பொறுப்பு நர்ஸிடம் பேசுவதாகவும் சொன்னார்கள். செவிலியருக்கான உரிமத்துக்கு இன்னும் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மழையைக் காரணம் காட்டி ஜூலைக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். சிட்டிலிங்கிக்குப் போக அம்மா உடனே சம்மதித்துவிட்டார், தானும் வருவதாகச் சொல்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி. நன்கொடையாளர்களுக்குக் காட்ட முகாமில் ஒவ்வொருவரும் நாள்தோறும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று குழுவின் விதியில் இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எப்படி மறுப்பது?

ஓசூர் மருத்துவர்:

நரோக் சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்தே சலித்துப்போன மக்கள் அவர்கள். அனுமதி கேட்காமல் கேமராவைத் தூக்கினால் முகத்துக்கு நேரே கோபிப்பார்கள், அது நியாயமும்கூட. இங்கே உங்கள் மருத்துவமனையில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்புவீர்களா? அதே விதி அங்கேயும் பொருந்தும் என்று எழுத்து மூலமாகவே குழுவினருக்குத் தெரிவித்துவிடுங்கள். கட்டடம், மருந்து அடுக்கு, உங்கள் குழுவினர், கிளம்பும் நாளில் டிஸ்பென்சரி நர்ஸ் விரும்பினால் அவருடன் ஒரு படம், இவை போதும்.

ஜூலை நல்ல மாதம். உயரமான பகுதி என்பதால் இரவில் நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வான இடங்களுக்கும் போவதாக இருந்தால் மலேரியாத் தடுப்பு மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவமனைப் பொது மருத்துவரிடம் கேளுங்கள்; டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். நரோக்கில் இருந்து திரும்பும் பலரும் அதை நைரோபியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.